கட்டிலில் யாரும் படுக்கக் கூடாது

1

எங்கள் நாடகக் குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். போன வருஷம் மேடையேறிய என் நகைச்சுவை நாடகத்தைப் பற்றி, ‘இனிய நினைவுகள்’ என்ற தலைப்பில். நானும் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் ஒரே குடும்பமாக உழைத்தோம், அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது, தலைவருக்கு நன்றி, செயற்குழுவுக்கு நன்றி. மலர் அச்சாகி நேற்று கைக்கு வந்தது. படித்தேன். இப்படி ஒரு பச்சைப் பொய்யை என் பெயர் போட்டு எழுத எனக்கு எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை.

அந்த நாடகத்துக்கு உயிர் கொடுத்தவள் சரளா. மலரில் அவள் பெயர் இருக்கிறது. பெயருக்கு மேலே இருப்பது வேறொருத்தியின் படம். அது எப்படி நடந்தது என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்கு உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். பினாங்கின் கடல், தைப்பூசம், பாலத்தின் நீளம் என்று இதற்கு முன் எழுதிய குறிப்புகளில் வேண்டிய அளவு சர்க்கரை போட்டாகிவிட்டது. இன்றைக்குச் சர்க்கரை இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. கணவர் இங்கேயே பிறந்தவர். ஜார்ஜ்டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களிடம் மலாயில் பெயர் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, தமிழில் மனசுக்குள் திட்டுவது என் வேலை. மகள் நித்யாவுக்குப் பதினேழு வயது. ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, மலாயில் திருப்பி, ஆங்கிலத்தில் கொண்டுபோய் நிறுத்துவாள். இத்தனை வருஷம் கழிந்தும் இங்கே எனக்குப் பெயர் ‘திருச்சி அக்கா’தான். கௌரவமாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் நீ இந்த ஊர்க்காரி இல்லை என்பதும் அதில் சேர்ந்தே வருகிறது.

2

எங்கள் குழு டத்தோ கிராமாட்டில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடுகிறது. தொழிற்சாலை ஊழியர்கள், டியூஷன் ஆசிரியர்கள், குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர் ஒருவர் என்று பதினைந்து பேர். யாருக்கும் நாடகம் பிழைப்பு இல்லை. தலைவர் பரமசிவம் அண்ணன், பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல குரல். வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள்; ஒன்று ராஜா கதை, இல்லாவிட்டால் அம்மா சாகும் கதை. அழுது அலுத்துப்போய், ஒரு தடவையாவது ஜனங்கள் சிரிக்கட்டும் என்று என்னிடம் வந்தார்கள். ஊரிலிருந்து வந்தவள், தமிழ் சுத்தமாக வரும் என்று நினைப்பு.

நான் எழுதிய நாடகத்தின் பெயர் ‘கட்டிலுக்கு அடியில் காப்புறுதிக்காரர்’. இன்ஷூரன்ஸை இங்கே காப்புறுதி என்பார்கள். வசந்தி என்று ஒரு மனைவி. கணவன் வேலையாக ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டான். காப்புறுதி முகவர் கையெழுத்து வாங்க வருகிறார், மழையில் சட்டை நனைந்துவிட, அதைக் கழற்றி இஸ்திரி போடக் கொடுக்கிறார். பஸ்ஸைத் தவறவிட்ட கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். சட்டையில்லாத முகவர் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறார். அங்கே ஏற்கெனவே குழாய் ரிப்பேர் செய்ய வந்தவன் பயந்து படுத்திருக்கிறான். அடுத்து, தன் மனைவியிடமிருந்து தப்பி ஓடிவரும் கணவனின் முதலாளியும் அங்கே நுழைகிறார். மூன்று பேரையும் மறைக்க, வசந்தி காய்ச்சல் என்று சொல்லிக் கட்டிலில் படுத்து, போர்வையைத் தரை வரை தொங்கவிடுகிறாள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. செய்தது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். கதையே அதில்தான் ஓடுகிறது.

செயற்குழு படித்தது. சிரித்தார்கள், அதை நானே பார்த்தேன். பிறகு பரமசிவம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “கட்டில் இருக்கட்டும் தங்கச்சி. ஆனா அதுல யாரும் படுக்கக் கூடாது. உட்காரலாம்.”

இது என் நாடகத்துக்காகப் புதிதாகப் போட்ட சட்டம் இல்லை. இந்தக் குழுவில் மேடைக் கணவனும் மேடை மனைவியும் ஒருவரையொருவர் தொட மாட்டார்கள். கையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒரு கைக்குட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வார்கள். தாலி கட்டும் காட்சி வந்தால் விளக்கை அணைத்துவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் நடிக்க வர வேண்டுமானால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு. யாரும் அதைக் கேலியாக நினைப்பதில்லை.

கட்டிலுக்குக் கீழே மூன்று ஆண்கள் படுத்திருக்கலாம். மேலே ஒரு பெண், உடம்பு முடியாமல்கூடப் படுக்கக் கூடாது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிரதியைக் கிழித்துவிட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். நான் காய்ச்சலை அடித்துவிட்டு, இடுப்புப் பிடிப்பு என்று மாற்றி எழுதினேன். படுக்க முடியாத வலி, அதனால் நிமிர்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். ஊரோடு ஒத்து வாழ் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். ஒத்து வாழ எனக்கு நன்றாகவே தெரியும்.

3

அந்த மாற்றத்தால் செத்துப்போயிருக்க வேண்டிய காட்சியைப் பிழைக்க வைத்தவள் சரளா. வசந்தி வேஷம் அவளுக்கு. நாற்பத்தொரு வயது, கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் தனியாக ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஷிப்ட் முடிந்ததும் படகு ஏறி இந்தப் பக்கம் ஒத்திகைக்கு வருவாள். நான்கு மாதத்தில் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்து, கழுத்தை மட்டும் திருப்பி அவள் பேசியதைப் பார்த்து, எழுதிய நானே கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கீழே இருப்பவன் தும்மும்போதெல்லாம் மேலே இருப்பவளும் அரை நொடி தாமதமாகத் தும்முவாள். அது பிரதியில் இல்லை, அவளாகச் செய்தது. கணவன் சந்தேகப்பட்டுக் கேட்டால், “இடுப்புப் புடிச்சவங்களுக்குத் தும்மல் கீழேருந்துதான் வரும்” என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்வாள். அந்த வசனமும் அவளுடையதுதான். நான் எழுதி வைத்திருந்தது அதைவிடச் சப்பை.

அவளுடைய கணவர் இன்னொரு பெண்ணோடு வாழப் போய் ஆறு வருஷம் ஆகிறது. போனவர் அவர். ஊர் வாயில் ‘புருஷனை விட்டவள்’ இவள். இந்தக் கணக்கு எனக்கு எந்த ஊரிலும் புரிந்ததில்லை. ஒத்திகை முடிந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு நாள் அவளாகவே சொன்னாள்:

“ஆறு வருசமா என்னயப் பாத்தா எல்லாரும் பாவம்னு மூஞ்சிய வெச்சுக்கிறாங்க அக்கா. கோயில்ல, பாசார்ல, எங்க போனாலும். இங்க வந்தாதான் சிரிக்கிறாங்க. அதுக்குத்தான்லா படகு ஏறி வர்றேன்.”

பாசார் என்றால் சந்தை. இந்த வார்த்தைகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பறித்தது இதைத்தான்.

4

மேடையேற்ற அனுமதி வாங்க வேண்டும். இங்கே எதற்கும் ஒரு பாரம், அதாவது படிவம், உண்டு, பாரத்துக்கு ஒரு நகல் உண்டு, நகலுக்கு ஒரு முத்திரை உண்டு. கதைச் சுருக்கத்தை மலாயில் எழுதித் தர வேண்டும். நடிப்பவர்கள் பெயர்ப் பட்டியல், ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் எண், யாருக்கு என்ன வேஷம் என்பதெல்லாம் இணைக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் மேடையேறக் கூடாது. மாற்ற வேண்டுமானால் புதிதாக விண்ணப்பித்து இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இந்த விதி கதைக்கு முக்கியம்.

மலாய்ச் சுருக்கத்தை நித்யா திருத்திக் கொடுத்தாள். நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “அம்மா, இப்படி எழுதினா அந்த மூணு பேரும் டெட் பாடின்னு நினைச்சுக்குவாங்க” என்றாள். அவள் திருத்தியதை எடுத்துக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை பாரத்தில் ஒட்டிய படம் சரியில்லை. இரண்டாம் தடவை மதிய உணவு நேரம். மூன்றாம் தடவை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண்மணி உட்கார்ந்து கதையை முழுதாகப் படித்தார். மலாயிலும் கட்டிலுக்குக் கட்டில்தான் பெயர். நம்மிடமிருந்து போன சொல். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, இந்த மூன்று ஆண்களும் ஏன் இதற்கு அடியில் இருக்கிறார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில், முகவருக்குச் சட்டை இல்லை, குழாய்க்காரருக்குத் தைரியம் இல்லை, முதலாளிக்கு வீட்டில் மரியாதை இல்லை என்று சொன்னேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முத்திரை குத்தினார். பட்டியலில் மூன்றாவது பெயர்: வசந்தியாக, சரளா.

அரசாங்கம் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, எங்கள் பூசாரிகள் மாடியில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

நாடகத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. புருஷனை விட்டவள் படுக்கையறைக் காட்சியில் நடிப்பதா என்று டிக்கெட் வாங்கும் குடும்பங்கள் கேட்கிறார்களாம். பரமசிவம் அண்ணன் தனக்கு ஒன்றும் இல்லை என்றார், நாலு பேர் பேசுவார்கள் என்றார். யார் அந்த நாலு பேர் என்று கேட்டேன். நாலு பேரும் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

அவர்களிடம் வழியும் தயாராக இருந்தது. மேடையில் கணவனாக நடிப்பவர் மோகன். அவருடைய நிஜ மனைவி உமா, நல்ல பெண், ஏற்கெனவே முதலாளியின் மனைவி வேஷத்துக்கு மாற்று ஆளாக வந்துகொண்டிருந்தாள். வசந்தி வேஷத்தை உமாவுக்குக் கொடுத்துவிட்டால் நிஜமான புருஷன் பெண்டாட்டி ஆகிவிடும், யார் என்ன சொல்ல முடியும்? சொந்தப் புருஷன் பார்த்திருக்க, உமாவின் கட்டிலுக்கு அடியில் மூன்று அந்நிய ஆண்கள் கிடக்கப் போவதை ஒருவரும் யோசிக்கவில்லை. நிஜத் தம்பதி ஆயிற்றே, இனியாவது படுக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம்.

சரளாவிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெண்ணுக்குப் பெண் சொன்னால் நல்லது என்றார்கள். திருச்சி அக்கா சொன்னால் கோபப்பட மாட்டாள் என்றார்கள். சரி என்றேன்.

5

ஏன் சரி என்றேன் என்று சொல்ல, உங்கள் ஊருக்கு வர வேண்டும்.

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தேன். அங்கேயும் அப்பாவும் நண்பர்களும் நாடகம் போடுவார்கள். குடும்பப் பெண்கள் யாரும் நடிக்க மாட்டார்கள், திண்டுக்கல்லிலிருந்து ஒரு நடிகையை வரவழைப்பார்கள். எங்கள் வீட்டு முன்னறையில்தான் அந்த அம்மாள் வேஷம் போட்டுக்கொள்வார். அரங்கத்தில் அவருக்குத்தான் கைதட்டல் அதிகம், அப்பாவே முன்வரிசையில் எழுந்து நின்று தட்டுவார். அந்த அம்மாள் பஸ் ஏறியதும், அவர் முகம் பார்த்த கண்ணாடியை அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைப்பாள். வருஷா வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கல்லூரியில் எனக்கு ஒரு வேஷம் கிடைத்தது. அப்பா கூடாது என்றார். ரொம்ப அழுததால், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கலாம் என்று இறங்கி வந்தார். அன்றிலிருந்து நான் திரைக்குப் பின்னால் நிற்பவள். எழுத ஆரம்பித்ததும் அதனால்தான். கடல் தாண்டி வந்து, பிள்ளை பெற்று, இருபது வருஷம் கழித்து முதல் தடவையாக நான் எழுதிய நாடகம் என் பெயரோடு மேடையேறப் போகிறது. அது நின்றுவிடக் கூடாது. சரளா போனாலும் பரவாயில்லை, நாடகம் நிற்கக் கூடாது. உள்ளே ஓடியது இதுதான், வேறு எந்த நியாயமும் இல்லை.

ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு படகேறிப் பாகான் டாலாமுக்குப் போனேன், ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போவது போல. நான்காவது மாடி. சரளா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுமதிப் பட்டியலில் உன் பெயர் விட்டுப்போய்விட்டது, திருத்த நேரம் இல்லை, பட்டியலில் இல்லாதவர் மேடையேற முடியாது என்று சொன்னேன். எல்லாப் பழியையும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திய அந்த மலாய் அம்மாள் தலையில் போட்டேன். ஆபீஸ்காரர்களைத் திட்டினால் நம் ஜனங்கள் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் இல்லையா?

சரளா சந்தேகப்படவில்லைதான். அதனால்தான் வினை வந்தது. திருத்த முடியாது என்று நான் சொன்னதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டு, தானே போய் வரிசையில் நின்று, அந்த ஜன்னலில் கேட்டிருக்கிறாள்.

மதியம் கிளினிக்குக்கு வந்தாள். பல்வலியோடு ஆறு பேர் காத்திருந்தார்கள். என் மேசை மேல் பட்டியலின் நகலை வைத்து, மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

“என் பேரு இருக்கு அக்கா. சாப்பும் அடிச்சிருக்கு.”

சாப்பு என்றால் முத்திரை. அவள் சந்தோஷமாக இருந்தாள். ஏதோ தவறாகப் பார்த்துவிட்டீர்கள், சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் ஓடி வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அத்தனை பேருக்கு நடுவில், மெல்லிய குரலில், உமாவைப் போட்டுவிட்டார்கள் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆறு வருஷமாக ஏன் என்று தெரிந்தவள்தானே. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

6

அந்த நகலைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் செயற்குழுவுக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. பட்டியலில் உமாவின் பெயர் வசந்திக்கு நேரே இல்லை. மாற்ற இரண்டு வாரம் வேண்டும், இருப்பது ஒன்பது நாள். சோதனைக்கு யாராவது வந்தால் அனுமதியே ரத்தாகும். நியாயமாக அப்போதாவது சரளாவைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

இந்தப் புத்திசாலிகள் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். உமா நடிப்பாள், பெயர் சரளா என்றே இருக்கும். அறிவிப்பிலும் சரளா, அழைப்பிதழிலும் சரளா. சரளாவின் பெயருக்குக் கட்டிலில் உட்காரலாம், சரளா உட்காரக் கூடாது. அவள் வெளியே சொல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு அவள் சம்மதம் வேண்டும். மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.

மறுபடியும் போனேன். கையில் பழம்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து நித்யாவிடம் சொன்னேன், செயற்குழுவைத் திட்டித் தீர்த்தேன். நம் ஊரில் இப்படிச் செய்வார்களா என்று பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் கைபேசியை வைத்துவிட்டு, “நீங்க சரளா ஆண்ட்டிகிட்ட ரெண்டு தடவ போய் லை பண்ணீங்க. அது எந்த ஊரு பழக்கம் மா?” என்று கேட்டாள். எதிர்த்துப் பேசாதே என்று கத்தினேன். இரண்டாம் தடவை பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன் என்று அவளுக்குச் சொல்லியிருக்கலாம். உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருந்ததால் சொல்லவில்லை.

சரளா அங்கேயே சம்மதித்துவிட்டிருந்தாள். தேநீர் போட்டுக் கொடுத்து, பேர்தானே, எடுத்துக்குங்க என்றாள். ஒரு டிக்கெட் மட்டும் கேட்டாள்.

7

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாடகம். மண்டபம் நிரம்பிவிட்டது. நான் வழக்கம் போலத் திரைக்குப் பின்னால், கையில் பிரதியோடு. சரளா மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலையில் இருந்தாள். பாகான் டாலாமிலிருந்து வந்த சிலர் அவள் மேடையில் இருப்பாள் என்று நினைத்து வந்திருந்தார்கள், குழம்பிப்போய் அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் அரைமணி நேரம் ஒப்பேறியது. மூன்று பேரும் கட்டிலுக்கு அடியில் போன பிறகு, முதல் தும்மலில் உமா உறைந்துவிட்டாள். பாவம், பதினோரு நாளில் என்ன செய்வாள். மோகன், யார் தும்மியது என்று இரண்டாம் தடவை கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். கீழே மூன்றாமவன் அடக்க முடியாமல் நிஜமாகவே தும்மி, ஜனங்கள் சிரித்ததில் என் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. மோகன் மூன்றாம் தடவை கேட்டார். ஜனங்கள் இருக்கையில் நெளிய ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தும்மல் வந்தது. பிறகு நிதானமாக, “இடுப்புப் புடிச்சவங்களுக்குத் தும்மல் கீழேருந்துதான் வரும்.”

அந்த மண்டபம் சிரித்த சிரிப்பை நான் பினாங்கில் கேட்டதில்லை. உமா அதைத் திருப்பிச் சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். அதன் பிறகு சிக்கிய இடத்திலெல்லாம் உமா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள், அங்கிருந்து வசனம் வந்தது. நான் பிரதியை மூடிவிட்டேன். கடைசியில் ஜனங்களில் பாதிப் பேர் மேடையைப் பார்க்கவில்லை. சரளா எழுந்திருக்கவில்லை, கையை ஆட்டவில்லை, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வசந்தியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கெடுக்க வந்தாளா காப்பாற்ற வந்தாளா என்று பிறகு செயற்குழுவில் விவாதம் நடந்தது. எனக்கும் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் ஒருவரும் அவளைப் பாவம் என்று பார்க்கவில்லை, அது தெரியும்.

முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்பாளர் அனுமதிப் பட்டியலைப் பார்த்து வாசித்தார். வசந்தியாக நடித்தவர், சரளா. உமா தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றாள். படம் எடுத்தார்கள். ஜனங்கள் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள், சரளா எல்லோரையும் போலக் கை தட்டிக்கொண்டிருந்தாள். யாராவது ஒருவர் எழுந்து இதோ இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கி என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தது.

நாடகம் பெரிய வெற்றி என்றார்கள். அன்று மேடை விளக்குகளைக் கவனித்துக்கொண்ட நித்யா அதற்குப் பிறகு குழுவின் பக்கம் வரவில்லை. கோயில் கலை நிகழ்ச்சி, தமிழ் விழா எதற்கும் வருவதில்லை. கேட்டால் டியூஷன் என்கிறாள். பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று பரமசிவம் அண்ணன் கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுகிறார். தமிழ் அந்தப் பிள்ளைகளை என்ன செய்தது? அவர்கள் விட்டுப் போவது எங்களை.

8

அன்று படகுத்துறை வரை சரளாவோடு நடந்தேன். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். செயற்குழுவுக்கு மனசாட்சி இல்லை என்றேன். அவர்கள் இவ்வளவு தூரம் போவார்கள் என்று நினைக்கவில்லை என்றேன். பரமசிவம் அண்ணன் முகத்தில் இனி விழிக்கப் போவதில்லை என்றேன். அடுத்த வாரமே கூட்டத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம்.

படகுக்கான வரிசையில் நின்றதும் சரளா என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

“கமிட்டி கமிட்டின்னு சொல்றீங்க அக்கா. அவங்க யாரும் என் வீட்டுப் படி ஏறலியே. ரெண்டு தடவையும் நீங்கதான் வந்தீங்க. நாலு மாடி.”

வரிசை நகர்ந்தது. அவள் போய்விட்டாள்.

ஒரு வருஷம் ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பாகான் டாலாம் ஒன்றும் தூரம் இல்லை, படகில் கால் மணி நேரம். அவர்களுக்காக இரண்டு தடவை ஏறிய அந்தப் படிகளை, எனக்காக இன்னும் ஒரு தடவைகூட ஏறவில்லை.